செய்தி முந்தும் ஊரும் செய்தி பிந்தும் போரும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் நிகழும் இதமான காதல் நாவல்களையும், இரண்டாம் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்ட வரலாற்று நாவல்களையும் மாறி மாறிப் படிக்கும் வாசகர் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றும் இவ்விரு வகைகளும் தமக்கு ஒரே மாதிரியான நிறைவைத் தருவது ஏன்? இதை வெறும் தப்பித்தல் என்று ஒதுக்குபவர்களுக்கு என்ன பதில் சொல்வது? புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் எதை வைத்து நல்ல நாவலை அடையாளம் காண்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வகை நாவல்களையும் நகர்த்துவது செய்திதான். யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்பதிலேயே இரண்டின் கதைப்பின்னலும் அடங்கியிருக்கிறது. சிற்றூர்க் காதல் கதையில் செய்தி உரியவரை எட்டும் முன்பே ஊர் முழுவதும் பரவிவிடுகிறது. போர்க்காலக் கதையில் அது உரியவரை எட்டுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகின்றன, சில வேளைகளில் எட்டுவதே இல்லை. இரண்டிலும் வாசகருக்கு மட்டும், பாத்திரங்களுக்குத் தெரியாத முடிவு ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அந்தத் தெரிதலோடு பக்கங்களைப் புரட்டுவதுதான் இந்த வாசிப்பின் தனி இன்பம் என்பது என் கருத்து.

சிற்றூர்க் காதல் நாவலின் அமைப்பு அனைவரும் அறிந்ததே. நகரத்தில் வேலையையோ மணவாழ்வையோ இழந்த ஒரு பெண், தூரத்து அத்தை ஒருத்தி விட்டுச்சென்ற தேநீர்க் கடையையோ பழைய புத்தகக் கடையையோ ஏற்று நடத்த ஊருக்கு வருகிறாள். அங்கே முகம் கொடுத்துப் பேசாத கால்நடை மருத்துவர் ஒருவரோ, மனைவியை இழந்த தச்சர் ஒருவரோ இருப்பார். கூரை ஒழுகும், தேவாலயத் திருவிழாவுக்கு நாள் குறிக்கப்படும், ஊர்ப் பொதுக்கூடத்தை இடித்து வீடு கட்ட யாராவது திட்டமிடுவார்கள். இதில் எதுவும் புதிதில்லை; புதிதாக இருக்க வேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பதும் இல்லை. சங்கப் பாடலில் தலைவி இரங்குவாள் என்று தெரிந்தேதான் நெய்தல் திணைப் பாடலைப் படிக்கிறோம். எப்படி இரங்குகிறாள் என்பதில்தான் கவிதை இருக்கிறது.

இந்த வகைக்கான இலக்கணத்தை ஜேன் ஆஸ்டின் 1814-ஆம் ஆண்டு செப்டம்பரில், நாவல் எழுத முயன்றுகொண்டிருந்த தம் அண்ணன் மகள் அன்னாவுக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார். நாட்டுப்புறச் சிற்றூர் ஒன்றில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தால் போதும், எழுதுவதற்கு ஏற்ற பொருள் அதுவே என்பது அவர் கருத்து. ஏன் மூன்று நான்கு குடும்பங்கள் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும். பெருநகரத்தில் சண்டையிட்டுப் பிரியும் இருவர் மறுபடியும் சந்திக்க வேண்டுமானால் ஆசிரியர் ஒரு தற்செயலை வலிந்து உருவாக்க வேண்டும். சிற்றூரிலோ, சனிக்கிழமை இரவு கடுஞ்சொல் பேசிவிட்டுப் போனவரை ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்திலும், திங்கட்கிழமை அஞ்சலகத்திலும், செவ்வாய்க்கிழமை திருவிழாக் குழுக் கூட்டத்திலும் பார்த்தே ஆக வேண்டும். ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாத இந்த நெருக்கம்தான் மெதுவாக மலரும் காதலுக்கு நம்பகத்தன்மையைத் தருகிறது. முதல் பார்வையில் தோன்றிய வெறுப்பு, மீண்டும் மீண்டும் பார்ப்பதனாலேயே தேய்ந்து போவதை இருபது அத்தியாயங்களில் பொறுமையாகக் காட்ட முடிகிறது.

இந்த நெருக்கத்தின் மறுபக்கம் ஊர்வம்பு. நல்ல சிற்றூர் நாவலில் வம்பு பேசுபவர்கள் வெறும் நகைச்சுவைக்கு வருபவர்கள் அல்லர். கதையின் இயந்திரமே அவர்கள்தான். மருத்துவரின் வண்டி தேநீர்க் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றது என்ற செய்தி, அஞ்சலகப் பெண்மணியிடமிருந்து மதுக்கூட உரிமையாளருக்கும் அவரிடமிருந்து பாதிரியாரின் மனைவிக்கும் போய்ச் சேரும்போது திருமண நிச்சயமாகவே வளர்ந்திருக்கும். காதலர் இருவரும் தங்கள் மனத்தைத் தாங்களே இன்னும் அறியாத நிலையில், ஊர் அதை அறிந்து, விவாதித்து, தேதியும் குறித்துவிடுகிறது. அதில் ஊர் தவறிழைத்தாலும், அடிப்படையில் ஊர் சொன்னதே சரி என்பது வாசகருக்குத் தெரியும். ஆக, வாசகரும் அந்த வம்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினராகிவிடுகிறார். இந்த வகை நாவல்களைப் படிக்கும்போது தனிமை குறைவதாகப் பலர் சொல்வதற்கு, அன்பான பாத்திரங்களைவிட இந்த உறுப்பினர் தகுதியே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஒரு நூலில் ஓரத்தில் நின்ற பள்ளி ஆசிரியை அடுத்த நூலில் நாயகியாகும் தொடர்நாவல்கள் இவ்வகையில் பெருகுவதும் இதனால்தான்.

முடிவு தெரிந்த கதை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இருவரும் சேர்வார்கள் என்ற உறுதி இருப்பதால், வாசகரின் கவனம் 'என்ன ஆகும்' என்ற பதற்றத்திலிருந்து விடுபட்டு, ரொட்டி மாவு பிசையும் கை, செப்பனிடப்படும் கூரை, முதியவர் ஒருவர் தம் மறைந்த மனைவியைப் பற்றிச் சொல்லாமல் விட்ட வாக்கியம் போன்றவற்றின் மீது திரும்புகிறது. மர்மக் கதையில் இவற்றைத் தடயங்களாக மட்டுமே பார்ப்போம். இங்கே இவற்றை இவற்றுக்காகவே பார்க்கலாம்.

இனி போர்க்கால நாவல்களுக்கு வருவோம். அவற்றில் பல வகைகள் உண்டு. போர்முனையை நேரடியாகச் சித்திரிப்பவை ஒருபுறம் இருக்க, நம் வாசகர் கேட்பது வீட்டிலிருந்தவர்களின் போரைச் சொல்லும் நாவல்களைப் பற்றி. (தமிழில் அப்போரை எழுதிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இந்த வரிசையில் சேராது. அதன் கடலும் சந்தைகளும் வேறொரு போரைக் காட்டுகின்றன.) அதே இங்கிலாந்துச் சிற்றூர் இந்த நாவல்களிலும் வருகிறது. ஆனால் அது தன் செய்தி வழிகளையெல்லாம் இழந்து நிற்கிறது. ஜெர்மனி படையெடுக்கலாம் என்ற அச்சத்தில் 1940-ஆம் ஆண்டு சாலையோரத் திசைகாட்டிப் பலகைகள் அகற்றப்பட்டன. எதிரி தரையிறங்கினால் வழி தெரியக் கூடாது என்பதற்காக ஊர்ப்பெயர்களே மறைக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் முதல் தேவாலய மணிகளை ஒலிக்கத் தடை விதிக்கப்பட்டது, படையெடுப்பை அறிவிக்க மட்டுமே அவை ஒலிக்கலாம். வானிலை அறிவிப்புகூட எதிரிக்குப் பயன்படும் என்று நிறுத்தப்பட்டது. பிறப்பையும் திருமணத்தையும் மரணத்தையும் மணியோசையால் அறிந்துவந்த ஊர், அந்த ஓசை கேட்டால் அஞ்ச வேண்டிய ஊராகிவிட்டது. எகிப்தின் எல் அலமெய்னில் கிடைத்த வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று நாடெங்கும் மணிகள் மீண்டும் ஒலித்தபோது மக்கள் அழுததாக ஒரு நாவலில் படித்தால், அது மிகைப்படுத்தல் அன்று என்பது இந்தப் பின்னணி தெரிந்தவருக்கே புரியும்.

சிற்றூர்க் காதல் கதைக்கு ஓர் அந்நியர் தேவை. அமைதிக்காலத்தில் ஆசிரியர் அவரை அத்தையின் உயில் மூலம் வரவழைக்கிறார். போர் அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. 1939 செப்டம்பர் முதல் சில நாட்களிலேயே குழந்தைகளும் தாய்மார்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 15 லட்சம் பேர் நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்களின் விவசாயப் படையில், உச்சகட்டத்தில் 80,000-க்கும் மேற்பட்டோர் பண்ணைகளில் உழைத்தார்கள். அவர்களில் மாட்டையே அருகில் பார்த்திராத நகரத்துப் பெண்களும் இருந்தார்கள். போலந்து விமானிகள் வந்தார்கள், இத்தாலியப் போர்க்கைதிகள் வயல்களில் வேலை செய்தார்கள், 1942 முதல் அமெரிக்கப் படையினர் வந்து குவிந்தார்கள். அமெரிக்கரை மணந்து கடல் கடந்து சென்ற பிரிட்டிஷ் பெண்கள் சுமார் 70,000 பேர். வேறு எந்தக் காலத்திலும் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாத இருவரை ஒரே கொட்டிலில் நிறுத்திப் பால் கறக்க வைப்பது இந்தக் காலத்தில் கற்பனைக்கு எட்டாத நிகழ்வு அன்று, அன்றாட நடைமுறை. போர்க்காலக் காதல் கதைகள் இவ்வளவு எழுதப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாசகரின் முன்னறிவு இங்கே வேறு விதமாகச் செயல்படுகிறது என்பதுதான் இந்த வகையின் மிக வளமான பகுதி. 1939-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தை நினைத்துப் பாருங்கள். போர் அறிவிக்கப்பட்டு ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகியும் லண்டனில் குண்டு எதுவும் விழவில்லை. நாட்டுப்புறத்தில் ஏக்கத்தோடு இருக்கும் மகனைத் தாய் ஒருத்தி லண்டனுக்கு அழைத்துவந்துவிடுகிறாள். அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 1940 ஜனவரிக்குள் அப்படித் திரும்பியவர்கள்தாம். பாத்திரங்களைப் பொறுத்தவரை அது மகிழ்ச்சியான அத்தியாயம், விளக்கும் வாழ்த்தும் நிறைந்தது. வாசகருக்கோ 1940 செப்டம்பர் 7 தெரியும். அன்று தொடங்கிய விமானத் தாக்குதலில் லண்டன் 57 இரவுகள் தொடர்ந்து குண்டுவீச்சுக்கு உள்ளானதும், அடுத்த மே மாதத்துக்குள் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததும் தெரியும். ஆசிரியர் ஒரு சொல்லும் கூடுதலாகச் சேர்க்காமலேயே அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தின் மீது நிழல் விழுகிறது. சிற்றூர்க் காதல் நாவலில் முன்னறிவு நம்மை அமைதிப்படுத்தியது. இங்கே அதே முன்னறிவு அஞ்ச வைக்கிறது. போர் 1945-இல் முடியும் என்பது நமக்குத் தெரியும், இந்தச் சிறுவன் அதுவரை இருப்பானா என்பது தெரியாது. நாட்டின் முடிவு உறுதி, மனிதர்களின் முடிவு உறுதியில்லை என்ற இந்த இடைவெளியில்தான் நாவல் நிகழ்கிறது.

தாமதமாகும் செய்தியின் வடிவங்கள் பல. கடிதங்களை மைக்ரோஃபிலிமாகச் சுருக்கி விமானத்தில் அனுப்பும் முறை 1941-இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், தணிக்கையாளர் வெட்டிய வரிகளோடு மாதங்கள் கழித்துவந்த கடிதங்கள் ஏராளம். எழுதியவர் இறந்த பின் வந்துசேர்ந்த கடிதங்களும் உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, ஜெர்மானியர் வசமிருந்த கால்வாய்த் தீவுகளில் இருந்தவர்கள் வெளியில் உள்ள உறவினருக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொற்களுக்கு மிகாத செய்தியையே அனுப்ப முடிந்தது. இருபத்தைந்து சொற்களில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒரு மனைவி உட்கார்ந்து யோசிக்கும் காட்சியைத் திறமையுள்ள எவர் எழுதினாலும் அது காதல் காட்சியாகவே அமையும். தந்திச் சிறுவனின் மிதிவண்டி தெருவில் திரும்பும்போது, எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறதோ என்று திரைச்சீலைகளுக்குப் பின்னே ஊரே மூச்சடக்கி நிற்பது இவ்வகையில் பலமுறை எழுதப்பட்டுத் தேய்ந்துபோன காட்சிதான் என்றாலும், நல்ல கையில் இன்றும் வேலை செய்கிறது. சொல்லவே கூடாத செய்தியும் உண்டு. எதிரியின் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க்கில் உச்சகட்டத்தில் ஏறத்தாழ 9,000 பேர் வேலை செய்தார்கள், நான்கில் மூவர் பெண்கள். 1970-களின் நடுப்பகுதிவரை அவர்களில் பெரும்பாலோர் கணவரிடமோ பெற்றோரிடமோ வாய் திறக்கவில்லை. ஊர்வம்பால் இயங்கும் கதைக்கும், வாயே திறக்க முடியாத நாயகியின் கதைக்கும் உள்ள தூரம், ஒரே அளவுகோலின் இரு முனைகளுக்கு இடையிலான தூரம்தான்.

சிறு பொருள்களின் மீதான கவனமும் இரண்டு வகைகளுக்கும் பொது. 1940 ஜனவரி 8 அன்று பங்கீடு தொடங்கியபோது ஒருவருக்கு வாரத்துக்கு 4 அவுன்ஸ் வெண்ணெய், அதாவது நூற்றுப் பதின்மூன்று கிராம். உடைக்கான பங்கீடு 1941 ஜூனில் வந்தது. முதலாண்டுக்கு ஒருவருக்கு 66 கூப்பன்கள். கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு இடுவது 1940-லேயே தடை செய்யப்பட்டதால், திருமண விருந்துகளில் சிறிய கேக்கின் மீது அலங்கரித்த அட்டைக் கூட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அமைதிக்காலத் தேநீர்க் கடை நாவலில் கேக்கின் வருணனை நாவூறச் செய்யும் அலங்காரம் மட்டுமே. போர்க்கால நாவலில் அதே கேக்குக்காக அண்டை வீட்டார் ஐந்து பேர் தங்கள் முட்டையையும் உலர்திராட்சையையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது. அவர்கள் யார் யார், எவர் தர மறுத்தார் என்பதே ஒரு முழு அத்தியாயமாகிவிடும். பங்கீடு முழுமையாக முடிவுக்கு வந்தது 1954 ஜூலையில்தான் என்பதைப் பல நாவல்கள் மறந்து, 1945-லேயே மேசையை நிரப்பிவிடுகின்றன. நாவலாசிரியர் உழைத்திருக்கிறாரா என்று பார்க்க இதுபோன்ற இடங்களைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

தப்பித்தல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வாடகை கட்ட வேண்டாத கடை, பணக் கவலையே இல்லாத நாயகி, ஒருவருக்குக்கூட இடமளிக்க மறுக்காத ஊர் ஆகியவற்றைக் கொண்ட நாவல்கள் நிறைய உண்டு. போர்க்கால நாவல்களிலும், எல்லாரும் தோளோடு தோள் நின்றார்கள் என்ற பொன்முலாம் பூசப்படுகிறது. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளில் திருட்டு நடந்தது, கள்ளச்சந்தை செழித்தது, வந்திறங்கிய ஏழைக் குழந்தைகளின் தலையில் பேன் இருப்பதைக் கண்டு கதவடைத்த வசதியான வீட்டார் இருந்தார்கள். டார்செட்டில் உள்ள டைனம் என்ற ஊரில் வாழ்ந்த சுமார் 225 பேர் 1943 டிசம்பரில் படைப்பயிற்சிக்காக வெளியேற்றப்பட்டார்கள். தேவாலயக் கதவில், எங்கள் ஊரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்ற பொருளில் ஒரு தாளை ஒட்டிவிட்டுச் சென்றார்கள், திரும்ப அனுமதிக்கப்படவே இல்லை. இதமான ஊர் என்பது எடுத்துக்கொள்ளப்படக்கூடியது என்று தெரிந்த ஆசிரியர் எழுதும் இதத்துக்கும், தெரியாதவர் எழுதும் இதத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் எளிதில் உணரலாம். என் தனிப்பட்ட எல்லைக்கோடு ஒன்றும் உண்டு: வதைமுகாமைக் காதல் கதைக்கான உணர்ச்சிகரமான மேடையாக மட்டும் பயன்படுத்தும் நாவல்களை நான் பாதியில் மூடிவிடுகிறேன், அவை எவ்வளவு விற்றிருந்தாலும்.

அதே சமயம், மனம் ஓய்வு பெறப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குண்டுவீச்சுக் காலத்தில் இருட்டடிப்புத் திரைகளுக்குப் பின்னே உட்கார்ந்திருந்தவர்களும் வாசிப்பில் ஆறுதல் தேடினார்கள். இன்றைய வாசகரிடம் மட்டும் அதைக் குறையாகக் காண்பது முறையில்லை.

இரண்டு வகைகளையும் ஒன்றாகப் பின்னும் நாவல்கள் இப்போது மிகுதியாக வருகின்றன. பாட்டியின் பரணில் கடிதக் கட்டைக் கண்டெடுக்கும் பேத்தி, அந்தக் கடிதங்களில் உள்ள ஊருக்குப் போய், பழைய வீட்டைச் செப்பனிட்டபடியே பாட்டியின் 1940-களின் காதலைத் துப்பறிகிறாள். அவளுக்கும் ஒரு காதல் அமைகிறது. தாமதமாக வந்த செய்தி என்ற உத்தியின் உச்சம் இது, அறுபது எழுபது ஆண்டுத் தாமதம். ஆனால் இவற்றில் பேத்தியின் பகுதி பெரும்பாலும் மெலிந்து, வாசகர் அதைத் தாண்டிப் பாட்டியிடம் ஓடத் தவிக்கிறார். பேத்திக்கும் இழப்பதற்கு ஏதாவது இருந்தால் மட்டுமே இந்த அமைப்பு தாங்கும்.

தொடங்குபவருக்கு நான் சொல்வது இது. முதலில் 'தி கெர்ன்சி லிட்டரரி அண்ட் பொட்டேட்டோ பீல் பை சொசைட்டி' (2008). ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து மீண்ட கெர்ன்சி என்ற கால்வாய்த் தீவை 1946-இல் கடிதங்கள் வழியாகவே அறியும் நாவல் அது; இதமும் இழப்பும் ஒரே நூலில் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று. அடுத்து, புனைவிலிருந்து சற்று விலகி, பாரோ-இன்-ஃபர்னெஸ் நகரத்து இல்லத்தரசி நெல்லா லாஸ்ட் சாதாரண மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவுசெய்த 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்புக்காகப் போர் முழுவதும் எழுதிய நாட்குறிப்பைப் படிக்கலாம். ஒவ்வொரு நாளும் மறுநாள் என்னாகும் என்று தெரியாமல் எழுதப்பட்டது. அந்தக் குரல் காதில் விழுந்த பிறகு, பிற்காலத்தவர் எழுதிய போர்க்கால நாவல்களில் எது போலி என்பது தானாகவே தெரியத் தொடங்கும்.

அதன் பின் இரேன் நெமிரோவ்ஸ்கியின் 'ஸ்வீட் ஃப்ரான்செய்ஸ்'. அதன் இரண்டாம் பகுதி, ஜெர்மானியர் வசமான ஒரு பிரெஞ்சுச் சிற்றூரையும், தன் வீட்டில் தங்கவைக்கப்பட்ட எதிரிப்படை அதிகாரியிடம் மனம் சாயும் ஒரு பெண்ணையும் பற்றியது. ஊர்வம்பு, மாமியாரின் கண்காணிப்பு, தோட்டம், இசை என்று சிற்றூர்க் காதல் கதையின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. படைப்பிரிவு ருஷ்யப் போர்முனைக்குப் புறப்படுவதோடு அப்பகுதி முடிகிறது. அங்கே அவர்களுக்கு என்ன நேரும் என்பது நமக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. ஐந்து பகுதிகளாகத் திட்டமிட்டு இரண்டை எழுதிய நிலையில் 1942 ஜூலையில் அவர் கைதுசெய்யப்பட்டு, அடுத்த மாதமே அவுஷ்விட்ஸில் இறந்தார். மகள்கள் காத்துவைத்த கையெழுத்துப் படி 2004-இல்தான் நூலானது. எஞ்சிய பகுதிகளுக்கான அவருடைய குறிப்புகள் பல பதிப்புகளில் பின்னிணைப்பாக வருகின்றன. நாவலை முடிக்கும்வரை அந்தப் பக்கங்களைத் திறக்காதீர்கள்.